திறப்பு விழாவுக்கு ஒரு நோயாளி

"வரணும், படுக்கணும், படம் எடுத்ததும் எழுந்து போகணும். அதுக்கு மேல உனக்கு வேலை இல்ல" என்றார் டாக்டர் ஷெட்லி, காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

தஹ்பியாவுக்கு எரிந்தது. மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, கதிர் கொடுக்க இங்கே வழியில்லை என்று கையை விரித்த ஆஸ்பத்திரி இது. தலைநகர் துனிஸில் கணவன் லஸ்ஹரின் சித்தப்பா மகன் வீட்டில் ஐந்து வாரம் ஒண்டிக்கொண்டு, இருபத்தைந்து தடவை கதிர் வாங்கினாள். பள்ளிக்கூடக் காவலாளியான லஸ்ஹர் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே கிடந்தான். அவளுடைய ரொட்டி அடுப்பையும் மூன்று பிள்ளைகளையும் நாத்தனார் ஹத்தா பார்த்துக்கொண்டாள்.

அப்படி ஆளில்லாத பெண்கள் பாதியில் வைத்தியத்தை விட்டுவிட்டுச் செத்தார்கள். பிழைத்து வந்த தஹ்பியா, இந்த ஊருக்கென்றே ஒரு கதிர் மிஷின் வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆஸ்பத்திரி வாசலில் பெண்களைக் கூட்டி நின்றாள். ஒரு நாளாவது டாக்டர் ஷெட்லி வெளியே வந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மேசைக்குப் பிறந்தவன் என்று ஊரெல்லாம் அவருக்குப் பெயர் வைத்தவளே இவள்தான்.

இப்போது மிஷின் வந்துவிட்டது. திறந்துவைக்க அமைச்சர் வருகிறார். படுத்துக் காட்ட ஒரு நோயாளி வேண்டுமாம்.

"நான் குணமானவ. உண்மையா காத்துக்கிட்டிருக்கவங்கள்ல ஒருத்தியைக் கூப்பிடுங்க" என்றாள்.

"அவங்க படுத்தா என்ன, நீ படுத்தா என்ன? மிஷின் ஓடப்போறதில்ல. டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலை, மின்சாரம் கிடையாது. எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது."

இவ்வளவையும் அவர் கடைக்காரன் விலை சொல்வதுபோலச் சொன்னார். இந்த ஆளுக்கு வெட்கம் என்பது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று தஹ்பியா நினைத்துக்கொண்டாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீட்டில் ஹத்தா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். செத்த மிஷினுக்கு மாலை போடப் போகிறாயா, கூட நின்ற பெண்கள் காறித் துப்புவார்கள் என்றாள். லஸ்ஹர் மட்டும் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் வருவதாகச் சொன்னான்.

விழா நாளில் சுவருக்குச் சுவர் இளஞ்சிவப்பு ரிப்பன். வெள்ளைக் கோட்டு மாட்டிவிடப்பட்ட அமைச்சர் கத்தரிக்கோலைச் சரியாகப் பிடிப்பதற்கே இரண்டு பேர் உதவினார்கள். பெண்களின் உயிர் நம் உயிர் என்று பேசினார். அந்த உயிர்களில் ஒன்று தன் எதிரே படுத்திருக்கிறது என்பது கேமராக்காரர் சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. குனிந்து, சிரித்து, படம் எடுத்துக்கொண்டார்.

"ஆச்சு, எழுந்திரு" என்றார் டாக்டர் ஷெட்லி.

தஹ்பியா அசையவில்லை.

"இன்னும் கதிர் வரலையே" என்றாள் அமைச்சரைப் பார்த்து. "நான் இருபத்தஞ்சு தடவை படுத்தவ ஐயா. தலைக்கு மேல இந்தக் கை சுத்தும், தேன்கூடு மாதிரி இரையும். இது செத்த ஒட்டகம் மாதிரி கெடக்கு. ஓட்டச் சொல்லுங்க, எழுந்துக்கிறேன்."

ஏதோ சின்ன மின்தடை என்று அமைச்சர் முனகினார்.

"தடை இல்ல ஐயா, இணைப்பே இல்ல. டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் வரவேயில்ல. வந்து நின்னு பேசினீங்களே, கேட்டீங்களா?"

தொலைக்காட்சியில் எல்லாம் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. புற்றுநோயிலிருந்து பிழைத்தவளைக் காலைப் பிடித்து இழுக்க ஒரு போலீஸ்காரனுக்கும் கை வரவில்லை. லஸ்ஹர் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மாலையில் ஹத்தா ரொட்டியும் ஹரிஸா மிளகாய் விழுதும் கொண்டுவந்தாள். தஹ்பியா கழிப்பறைக்குப் போன நேரத்தில், இடம் காலியாகக் கூடாதென்று தானே ஏறிப் படுத்தாள். காறித் துப்புவார்கள் என்று அவள் பயந்த பெண்கள் மறுநாள் தாழ்வாரம் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாள் டிரான்ஸ்ஃபார்மர் லாரி வந்தது. ஐந்தாம் நாள் மிஷினின் கை சுற்றியது. தஹ்பியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அளந்து, சோதித்து, ஆறு வாரம் கழித்து முதல் நோயாளி அதில் படுத்தாள்.

அமைச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. பழி யார் தலையிலாவது விழ வேண்டுமே. டாக்டர் ஷெட்லியைப் பாலைவன எல்லையில் ஒரு சின்ன மருத்துவ நிலையத்துக்குத் தூக்கி அடித்தார்கள்.

அவர் கிளம்புகிற காலையில் தஹ்பியா வேலை மெனக்கெட்டுப் போனாள். இரண்டு வருடக் கோபத்தை நேரில் கொட்டாவிட்டால் தூக்கம் வராது அவளுக்கு. அவர் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"போற இடத்திலயாவது, இல்லாத மின்சாரத்துக்கு ஆள் பிடிச்சுப் படுக்க வைக்காதீங்க" என்றாள்.

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"டிரான்ஸ்ஃபார்மர் கேட்டுப் பதினோரு கடிதம் எழுதினேன் தஹ்பியா அக்கா, ஒண்ணுக்கும் பதில் வரலை. கதிருக்குக் காத்துக்கிட்டு என் பட்டியல்ல அறுபது பேர் இருந்தாங்க. எழுந்திருன்னு சொன்னா எழுந்துக்காதவ யாருன்னு தேடித்தான் உங்களைக் கூப்பிட்டேன்."