ஒரே ஹப்பில் இரண்டும்

சைக்கிளின் கியரும் டிரம் பிரேக்கும் பின்சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஒரே ஹப்பில் வேண்டும் என்று மொரீன் மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

முடியாது என்று சைக்கிள் பட்டறைக்காரர் வில்ஃப்ரட்டும் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

கொட்டகைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. யார்க்‌ஷயரின் அந்தப் பள்ளத்தாக்கில் அது பெய்யாத நாளைத்தான் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள்.

மொரீனுக்கு மேட்டு உச்சியிலுள்ள முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. ஏறுவதற்காகச் சைக்கிளில் ஒரு சின்ன மோட்டார் வைத்துத் தரச் சொல்லி வந்திருந்தாள். திரும்பும்போது ஒன்றரை மைல் ஒரே இறக்கம். முடிகிற இடத்தில் கால்வாய்ப் பாலத்தின் கல்சுவர்.

வில்ஃப்ரட் மேசைமேல் தன் யோசனையை எடுத்து வைத்திருந்தார். பின்சக்கரத்துக்கு வெறும் மூன்று கியர் ஹப். முன்சக்கரத்துக்குத் தனியாக டிரம் பிரேக். மொரீன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டையும் ஒண்ணாப் பண்ணி விக்கிறவன் எல்லாம் முட்டாளு, நீங்க ஒருத்தர்தான் புத்திசாலியா? முடியாதுன்னா சொல்லுங்க, ஹாலிஃபாக்ஸ் டவுன்ல குடுத்துப் பண்ணிக்கிறேன்."

செய்வாள். அங்கே கேட்டதை மாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

"கியருக்கு எண்ணெய் வேணும். பிரேக் கட்டைல எண்ணெய் படவே கூடாது" என்றார். "ஒரே ஹப்புன்னா, கொஞ்சம் கூட ஊத்தினாலும் அச்சு வழியா டிரம்முக்குள்ள கசிஞ்சிடும். கட்டை நனைஞ்சா எவ்வளவு இழுத்தாலும் வழுக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. இறக்கத்துல போறப்பத்தான் தெரியும்."

"அளவா ஊத்திட்டுப் போறேன்."

"அக்கறை இருக்கிறவனுக்கு அளவு தெரியாதும்மா."

மொரீன் சிரித்துவிட்டாள். கிழவருக்கு வியாபாரம் பண்ணவே தெரியவில்லை என்று நினைத்திருப்பாள்.

வில்ஃப்ரட்டின் மனைவி எட்னா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். மொரீன் சுவரிலிருந்த படத்தைப் பார்ப்பதைக் கண்டதும் அவள் முகம் மாறியது. படத்தில் ஒரு பெண் மோட்டார் வைத்த சைக்கிளில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பொண்ணு ஹேசல். இவர் கையால பண்ணிக் குடுத்த வண்டி அது" என்றாள் எட்னா. "நீயாவது நிதானமாப் போ கண்ணு. அன்னிக்கு ரயிலுக்கு நேரமாச்சு, ஓடு ஓடுன்னு நான்தான் அவளை விரட்டினேன். வேகமாப் போய் அந்தப் பாலத்துச் சுவர்ல..."

இதை அவள் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. கசாப்புக் கடையில் சொல்வாள், தேவாலய வாசலில் சொல்வாள். பதினோரு வருஷமாகச் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் வில்ஃப்ரட் தரையைப் பார்ப்பார். விபத்தை விசாரித்த போலீசாரும் பிரேக் கம்பி அறுபடவில்லை, வேகம்தான் காரணம் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

எட்னா கோப்பையை மொரீன் கையில் கொடுத்தாள்.

"வண்டியில ஒரு குறையும் சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை தவறாம இவரே அந்த ஹப்புக்கு எண்ணெய் ஊத்துவார். வழிய வழிய ஊத்துவார். பொண்ணு மேல அவ்வளவு உயிர்."

மொரீன் கோப்பையை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள்.

படத்தை மறுபடி பார்த்தாள். பின்சக்கரத்தின் நடுவில் குண்டாக ஒரு ஹப். கியர் கம்பியும் பிரேக் கம்பியும் இரண்டுமே அதற்குத்தான் போயின. அவள் வில்ஃப்ரட் பக்கம் திரும்பினாள். அவர் சுத்தமாக இருந்த கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போதே சொல்லிவிடலாம். எட்னா இரண்டடி தூரத்தில்தான் நிற்கிறாள். விபத்துக்குப் பிறகு வண்டி திரும்பி வந்த அன்று டிரம்மைத் திறந்து பார்த்ததை, உள்ளே கட்டைகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்ததைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் தன்மேல் போட்டுக்கொண்ட இந்தப் பழி இறங்கும். வாயைத் திறந்தார்.

"சர்க்கரை போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டேன்" என்றாள் எட்னா.

மொரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "தனித்தனியாவே மாட்டிடுங்க" என்றாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

எட்னாவுக்கு ஒரே சந்தோஷம். பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அதான் கண்ணு சரி. பிரேக் விஷயத்துல இவர் சொன்னா தப்பாவே இருக்காது."