கால் உடைந்த ஸ்டாண்ட்

“எண்பது ஆயிடுச்சும்மா. இனி ஒரு கொசுகூட உள்ள போக முடியாது,” என்று பார் வாசலில் நின்றவர் ஆள் எண்ணும் கருவியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அந்த எண்பதில் ஒருத்தி என் நாத்தனார்.

“அவளுக்குப் பாட்டே பிடிக்காதுங்க. எனக்குத் துணைக்கு வந்தவ,” என்றேன்.

“அப்ப போன் போட்டு அவங்கள வெளிய வரச் சொல்லுங்க. நீங்க போங்க.”

நல்ல யோசனைதான். ஆனால் அவளுடைய போன் என் பைக்குள் இருந்தது.

தப்பு என்மேல்தான். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் காகிதப் பட்டை கொடுத்தார்கள். அவர்கள் பார்க்க வலது கையைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓரமாகத் திரும்பி நின்று ஒற்றைக் கையாலும் பல்லாலும் அந்தப் பட்டையுடன் மல்லுக்கட்டினேன். அதற்குள் ஒரு கூட்டமே என்னைத் தாண்டிப் போய்விட்டது. நாத்தனார், “முன்னாடி இடம் பிடிக்கிறேன் அண்ணி,” என்று அதற்கும் முன்பே ஓடிவிட்டாள்.

அந்த வலது கை மூன்று வருடமாக நடுங்குகிறது.

அதற்கு முன்பு முப்பத்தோரு வருடம், பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகுப் பல்லைச் செதுக்கிய கை அது. செதுக்கும்போது மேசையோரம் ஒரு கேசட் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று உள்ளே வாசிக்கப்போகும் இந்தக் குழுவின் கேசட்தான். தேய்ந்து நார் நாராய்ப் போனபிறகு இன்னொன்று வாங்கினேன்.

போன வருட இசை விழாவில் அவர்களை மைதானத்தில் பார்த்தேன். டிரம்மர் என் சுண்டுவிரல் நகம் அளவு தெரிந்தார்.

இந்த வருடம் விழாவுக்கு நடுவே, ஒரு மதியம் மட்டும், இந்தச் சின்ன பாரில் வாசிக்கிறார்கள். இதோடு ஊர் ஊராகப் போவதை நிறுத்துகிறார்கள்.

“பரவாயில்லைங்க. இப்படி சுவத்தோரமா நின்னு கேட்டுக்கறேன்,” என்றேன்.

“சுவர் ரெண்டடி கனம்மா. ஒண்ணும் கேக்காது.”

அப்போது எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்.

இரண்டு தோளிலும் பைகள், கையில் ஒரு நீண்ட இரும்புத் தண்டு. அதன் தலையில் டிரம்ஸோடு சேர்த்து அடிக்கிற பித்தளைத் தட்டு. இந்த மாதிரி இடங்களில் அவரவர் சாமானை அவரவர்தான் சுமக்கவேண்டும் போலிருக்கிறது. போன வருடம் சுண்டுவிரல் நகம் அளவு தெரிந்த டிரம்மர் என்னைவிட ஒரு சாண் உயரமாக நின்றார்.

“இவங்க எங்க ஆளு,” என்றார் வாசல்காரரிடம்.

“உங்க ஆளா? என்ன வேலை?”

“இந்த ஸ்டாண்டுக்குக் கால் உடைஞ்சு போச்சு. யாராவது பிடிச்சுக்கணும். வாங்கக்கா.”

பைக்குள்ளிருந்து கையை எடுத்து அவர் முன் நீட்டினேன். “வேற ஆளப் பாருங்க. எனக்குக் கை நடுங்கும்.”

அவர் அதை ஒரு நொடி பார்த்தார்.

“தட்டுன்னா நடுங்கத்தானே செய்யணும்? வாங்க.”

வாசல்காரர் கருவியை அழுத்தவில்லை. சாமான் தூக்குகிறவர்கள் எண்ணிக்கையில் சேர்த்தி இல்லையாம்.

மேடை ஒரு கட்டில் அகலம்தான். டிரம்மரின் இடப்பக்கம், கையெட்டும் தூரத்தில், கால்கள் மடங்கிக் கிடந்த அந்தத் தண்டைக் குடைக்காம்பு போலப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தட்டை அடிக்கும்போதெல்லாம் அதிர்வு என் முழங்கை வரை ஏறியது. பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

முன்வரிசையில் நாத்தனார். வாயைப் பிளந்தபடி என்னையே பார்த்தாள். “நீங்க எப்ப அண்ணி இதுல சேர்ந்தீங்க?” என்று இரண்டு பாட்டுக்கு நடுவே எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள். பாரே சிரித்தது.

ஆறாவதாக அந்தப் பாட்டு வந்தது. கேசட்டின் இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. மெதுவாகப் போகும். டிரம்ஸே கிடையாது.

என் கை தொடங்கிவிட்டது.

தட்டின் ஓரத்தில் சலசலப்புக்காகத் தளர்வாகப் பொருத்தியிருந்த குட்டி ஆணிகள் ‘ஸ்ஸ்ஸ்’ என்று முனகின. இடது கையையும் சேர்த்து இறுக்கினேன். சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆயுசு முழுக்கக் கேட்ட பாட்டை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

டிரம்மர் திரும்பிப் பார்த்தார். குச்சிகளை மடியில் வைத்தார். தட்டின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார்.

பிறகு பாடுகிறவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் குரலை இன்னும் தணித்தாள். தூரத்தில் மழை பிடிப்பது போல அந்த முனகல் பாட்டுக்கு அடியில் ஓடியது. ஒருவரும் கோப்பையைக்கூட நகர்த்தவில்லை.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக, கை நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

பாட்டு முடியும் வரை அது நிற்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் டிரம்மர் சாமான்களைக் கட்டத் தொடங்கினார். என் கையிலிருந்து ஸ்டாண்டை வாங்கினார். யாரோ கூப்பிட, அந்தப் பக்கம் பதில் சொல்லிக்கொண்டே, பழக்க தோஷத்தில் அதன் அடியைப் பிடித்து இழுத்துவிட்டார்.

மூன்று கால்களும் சத்தமில்லாமல் விரிந்தன. ஸ்டாண்ட் தரையில் அசையாமல் நின்றது.

அவர் ஸ்டாண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கை வலிக்குதாக்கா?”

“இல்ல.”

வெளியே வந்ததும் நாத்தனார் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, “ஏன் அண்ணி, அத்தனை நேரம் அதைப் பிடிச்சுக்கிட்டே நின்னீங்க?” என்றாள்.

“அதுக்குக் கால் உடைஞ்சு போச்சு,” என்றேன்.