ஓட்டு திரும்பி வரும் வயது

கல்விக் கடன் தீரும்வரை மாணவரின் ஓட்டு, கடன் கொடுத்த நிறுவனத்திடம் இருக்கும். ஜெனிட்டா அப்பாவோடு பாளையங்கோட்டைக் கல்லூரியில் சேர்க்கைக்குப் போனபோது, ஒவ்வொரு படிப்புக்கும் கடன் தீரும் வயதைத் திரையில் காட்டினார்கள். வணிகவியலுக்கு முப்பத்து நான்கு. அரசியல் அறிவியலுக்கு ஐம்பத்தொன்பது.

“ஏளா, அரசியலப் படிச்சிட்டு கெழவியானப்புறம் ஓட்டுப் போடப் போறியாக்கும்?” என்றார் அப்பா தவசீலன். “நான் படிக்காதவன். என் ஓட்டு எங்கிட்டயே கெடக்கு.”

“சம்பளம் கொறச்சல்னு புடிச்சதப் படிக்காம இருக்க முடியுமாப்பா?” என்ற ஜெனிட்டா கட்டைவிரலைத் திரையில் பதித்தாள்.

அடுத்த மாதமே உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடிக்கு வெளியே நின்று, எதை நினைத்து ஓட்டுப் போட்டார்கள் என்று மக்களிடம் கேட்டு வருவதுதான் கல்லூரி அவளுக்குத் தந்த முதல் வேலை. வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தவசீலன் வெளியே வந்தார். அவளைக் கண்டதும் மை வைத்த விரலை மடக்கிக்கொண்டார்.

“நீங்க எத நெனச்சுப்பா போட்டிய?”

“ஒனக்காவப் போடலாம்னுதான் நேத்தே கேட்டேன். நீ வாயே தொறக்கல. இப்பவாவது சொல்லு, நீ யாருக்குப் போட்டிருப்ப?”

ஜெனிட்டா யோசித்தாள். யார் யார் நிற்கிறார்கள் என்றுகூட அவள் பார்த்திருக்கவில்லை.