பஜ்ஜி மடித்த கணக்கு

"அந்தக் கம்ப்யூட்டர தூக்கித் தெருவுல போடுங்கடா!"

கஜபதி போட்ட சத்தத்தில் உழைப்பாளர் சிக்கன நாணயச் சங்கமே ஆடிப்போனது. கள்ளிக்குப்பத்தில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். மீதிப் பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. 1995-ல் அந்த வட்டாரத்திலேயே ஏ.சி. அறையில் குடியிருந்த ஒரே ஆசாமி அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் முன்னால் போகவேண்டும். சங்கத்தின் செயலாளர் உலகநாதனுக்கே வெறும் மின்விசிறிதான்.

அந்த உற்சாகத்தில் உலகநாதன் ஒரு காரியம் செய்திருந்தார். கணக்கை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த அன்றே, பழைய பேரேடுகளையும், உறுப்பினர்களிடம் திருப்பி வாங்கிய பாஸ்புக்குகளையும் எடைக்குப் போட்டுவிட்டார். பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு பேரேடு நேராகக் கெங்கம்மாளின் பஜ்ஜிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

நேற்றுச் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த கஜபதி, வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு மடித்துக் கொடுத்த தாளில் கையைத் துடைக்கப் போனார். தாளின் தலைப்பில் அவர் பெயர். கீழே அவர் போட்ட பணம், தேதி வாரியாக!

அவ்வளவுதான். சங்கத்துப் பணம் அம்போ என்று ஊர் முழுக்கப் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"லேத்துல நின்னு சம்பாரிச்ச துட்டு சார். அந்தக் கணக்க பஜ்ஜி மடிக்கக் குடுத்துட்டியே, நாயமா கீதா?" என்று கஜபதி இப்போது உலகநாதனை மடக்கினார்.

"யோவ், பணம் பத்திரமா இருக்குய்யா! கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது!"

சொல்லிக்கொண்டே உலகநாதன் வாசல் கூட்டத்தைத் தலை எண்ணினார். இத்தனை பேரும் ஒரே நாளில் பணத்தைக் கேட்டால் சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

கஜபதி சைக்கிள் கேரியரிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்து வந்து மேஜையில் போட்டார். கெங்கம்மாளிடம் மிச்சமிருந்த பேரேட்டுத் தாள்கள்.

"ஆளுக்கு ஒரு தாளு. நான் பேர சொல்றேன், உன் மிசினு தொகைய சொல்லட்டும். ஒரு ரூவா மாறுனாலும் எல்லாரும் துட்ட எடுத்துகினு போயிகினே இருப்போம். இன்னா சொல்ற?"

உலகநாதன் தலையாட்டினார். வேறு வழி?

ஏ.சி. அறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் வசந்தகுமாரி உட்கார்ந்தாள்; பக்கத்தில் தாள்களோடு கஜபதி. அத்தனை கணக்கையும் தட்டி ஏற்றியவள் அவள்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பாவம், ஏ.சி.யிலும் வியர்த்துக் கொட்டியது.

"கண்ணம்மா!" என்றார் கஜபதி.

"ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு."

கஜபதி தாளைப் பார்த்தார். "சரி. சின்னசாமி!"

"எண்ணூத்தி அஞ்சு."

"சரி. வேம்புலியம்மா!"

"ரெண்டாயிரத்து அறுபத்தி மூணு."

"அட, சரிதான்!"

பத்தாவது பெயருக்குள் வாசலில் விசில் பறந்தது. இருபதாவது பெயருக்குக் கூட்டமே ஒரே குரலில் "சரி!" என்று கத்தியது. கெங்கம்மாள் எண்ணெய்ச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, "மிசினு இன்னாமா புட்டுப் புட்டு வெக்குது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முப்பத்தொன்பது பேர் கணக்கும் சரியாக வந்துவிட்டது. உலகநாதன் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டார்.

கடைசியாகக் கஜபதி தன் சட்டைப் பையிலிருந்து சொந்தத் தாளை எடுத்து விரித்தார்.

"கஜபதி!"

"மூவாயிரத்து நானூறு."

படித்த பிறகுதான் வசந்தகுமாரி கவனித்தாள். எண்ணெயில் ஊறிய தாளின் பின்பக்கமாகவே எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வெறும் முந்நூற்று நாற்பது! ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டியிருக்கிறாள்.

தொலைந்தது. சங்கமும் போச்சு, வேலையும் போச்சு.

கஜபதி தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, சரியா கீதா?" என்று வாசலிலிருந்து ஒருவன் கேட்டான்.

"கரீட்டா கீதுடா!" கஜபதி தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "துட்டு பத்திரமா கீது. ஊட்டுக்குப் போங்கடா!"

ஒரே ஆரவாரம். உலகநாதன் தன் செலவில் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். பணத்தை எடுக்க வந்த சின்னசாமி மேற்கொண்டு ஐம்பது ரூபாய் கட்டிவிட்டுப் போனான்.

வசந்தகுமாரிக்குப் போன உயிர் வந்தது. ஆனால் மனசு ஆறவில்லை. காலையிலிருந்து நியாயம் பேசிய மனுஷன்! மூவாயிரத்து அறுபது ரூபாய் சும்மா வருகிறது என்றதும் வாய் எப்படி மாறிப்போனது! வெளியே சொல்லவும் முடியாது, தப்பு அவளுடையது. சீ, இவரெல்லாம் ஊருக்குப் பெரிய மனுஷன்.

கூட்டம் கலைந்து கால் மணி நேரம் இருக்கும். ஏ.சி. அறைக் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கஜபதி உள்ளே வந்தார்.

அதற்குள் அவசரமா என்று எரிச்சலாக வந்தது அவளுக்கு.

"எவ்வளவு எடுக்கணும்?" என்றாள் முகத்தைப் பார்க்காமலே.

"எடுக்க வரலம்மா. என் கணக்குல மூவாயிரத்து அறுவது ஜாஸ்தியா ஏறிக்கீது. மொதல்ல அத கழிச்சிரு. பேப்பர் கடையில மீதிக் கட்டு கீது, நாளைக்கி கொண்டாந்து தர்றேன், மத்தவங்க கணக்கயும் நிதானமா சரி பாத்துரு."

வசந்தகுமாரி நிமிர்ந்தாள். "அப்போ... அங்க ஏன் சரின்னு சொன்னீங்க?"

"மாறிக்கீதுன்னு சொல்லியிருந்தா, சரியா வந்த முப்பத்தொம்போத ஒருத்தனும் நெனச்சிப் பாத்திருக்க மாட்டாம்மா."