போக் போட்ட சரக்கு

பழைய கணினி ஒன்றின் நினைவகத்தில், எண் போட்ட வீடுகள் நிறைந்த தெருவில், பீக், போக் என்று இரண்டு கட்டளைகள் குடியிருந்தன. சொன்ன எண்ணுள்ள வீட்டை எட்டிப் பார்த்துச் சொல்வது பீக்கின் வேலை. அங்கே இருப்பதை வீசிவிட்டுப் புதுச் சரக்கை வைப்பது போக்கின் வேலை.

அன்று ஓர் எண்ணும் அங்கே வைக்கச் சரக்கும் வந்ததுமே போக் கிளம்பிவிட்டது.

“இருடா, உள்ள யார் சாமான் இருக்குன்னு பார்த்துச் சொல்றேன்” என்றது பீக்.

“யார் வீடா இருந்தா எனக்கென்ன? நம்பர் தெரியும், அது போதும்.”

போக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், கிடந்த பாயையும் செம்பையும் தெருவில் வீசியது. சரக்கை இறக்கிக் கதவைச் சாத்தியது.

பீக் பாயைப் புரட்டிப் பார்த்தது. “இது உன் பாய்டா.”

போக் திரும்பிக் கதவிலிருந்த எண்ணைப் பார்த்தது. தன் வீட்டு எண்தான்.

“வச்சது வச்சதுதான்” என்று சொல்லி, பாயைத் தெருவிலேயே விரித்துப் படுத்துக்கொண்டது.