ஞாயிற்றுக்கிழமை சாவி

"இந்த ஞாயித்துக்கிழமையும் வேலைக்குக் கிளம்பினீங்க, நானே வந்து அந்த ஒர்க்‌ஷாப்பை இழுத்துப் பூட்டிடுவேன்!"

காலையில் மனைவி போட்ட சத்தம் வெல்டரின் காதில் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு இடைவேளை. காசுக்குப் பதில் வாஷர் வளையங்களைப் பந்தயம் வைத்து போக்கர் சீட்டாட்டம். கையிலிருப்பதை முதலில் மொத்தமாகத் தோற்பவனுக்கு ஞாயிறு டியூட்டி. சூப்பர்வைசர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அவரும் ஆடுவார்; சீட்டுப் போடுவதும் அவர்தான்.

ஆளுக்கு இரண்டு சீட்டு வந்தது. எடுத்துப் பார்த்த வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரமாக இதே கதை.

"என்னய்யா, பந்தயத்தை ஏத்துறியா, விடுறியா?" என்றார் சூப்பர்வைசர்.

"விட்டுட்டேன் சார்." இரண்டு சீட்டையும் கவிழ்த்து மேஜையில் அறைந்தான்.

சூப்பர்வைசர் துள்ளி எழுந்தார். "உனக்கெல்லாம் மூளையே கிடையாதா? ரெண்டு ஏஸ் வந்திருக்கு! அதைவிடப் பெரிசா என்ன வேணும்? எல்லாத்தையும் தூக்கி வைக்காம கவுத்துட்டு உக்காந்திருக்கியே!"

கூட ஆடிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் மேஜையைப் பார்த்தார்கள். சீட்டு கவிழ்ந்தபடியே கிடந்தது.

"முதல் வாரம் ரெண்டு பத்து. அப்புறம் ரெண்டு ராணி. போன வாரம் ரெண்டு ராஜா. ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் வெச்சு உங்ககிட்டத்தான் தோத்தேன்," என்றான் வெல்டர். "இன்னிக்கு ஏஸ்தான். ஆனா நான் இன்னும் யாருக்கும் காட்டவே இல்லையே சார்?"

சூப்பர்வைசர் அவசரமாகச் சீட்டுகளை வாரிக் கட்டோடு கலந்தார்.

மூன்று வாரமாகத் தன்னிடமே இருந்த ஒர்க்‌ஷாப் சாவியை வெல்டர் அவர் முன்னால் வீசினான்.

"ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து திறந்துக்குங்க."