கால் அளவு

"இது எம் மக போர்டு இல்ல" என்றார் தோமஸ், மூன்றாவது முறையாக.

மலேசியாவின் கிழக்குக் கரையில், மெர்சிங் கடற்கரை மணலில் அந்தப் பலகை கிடந்தது. பெரிய பட்டமொன்று காற்றில் இழுக்க, அவர் மகள் ஷர்மைன் காலை மாட்டிக்கொண்டு அலைமேல் பறப்பாளே, அதே மாதிரிக் கைட்போர்டு. ஆளில்லாமல் மிதந்ததை மீன்படகுக்காரர்கள் தூக்கி வந்து போட்டிருந்தார்கள்.

காலைப் பூசையில் இருந்தவரைப் போன் போட்டு வரவழைத்தது, போர்டு கடை வைத்திருக்கும் சுகுமாறன். கடை திறக்க வந்தபோது ஷர்மைனின் கார் நிற்கிறது, போன் காருக்குள்ளேயே கிடக்கிறது, ஆளைத்தான் காணோம் என்றான். பருவக்காற்றில் கொந்தளிக்கும் ஜனவரி மாதக் கடல் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தோமஸின் மனைவி கத்தரின் வந்ததும் மணலில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவேயில்லை.

வழியெல்லாம் தோமஸ் மகன் ரயனுக்குப் போன் அடித்துப் பார்த்தார். எடுக்கவில்லை. வாரம் முழுக்கச் சிங்கப்பூரில் உழைத்துவிட்டு வருகிறவன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை இடியே விழுந்தாலும் எழ மாட்டான். பூசைக்குக் கிளம்பியபோதும் அவன் அறைக் கதவு சாத்தித்தான் இருந்தது.

கடல் போலீஸ் அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். வெள்ளைப் பலகை, நீல ஓரம், உங்கள் மகளுடையதும் இப்படித்தானே என்று கேட்டார். இதே மாதிரி ஏழெட்டு போர்டு இந்தச் சுகுமாறனே விற்றிருக்கிறான் என்று எரிந்து விழுந்துவிட்டு, தோமஸ் பலகை பக்கத்தில் மண்டியிட்டார்.

பஸ் பட்டறையில் முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்த மனிதர். மகள் போர்டில் காலை நுழைக்கும் வார் இரண்டையும் போன மாதம் அவரேதான் பூட்டினார். குள்ளமான பெண், நாலாம் நம்பர் செருப்பு. ரொம்ப அகட்டி நின்றால் முழங்கால் வலிக்கும் என்று உள்பக்க ஓட்டையில் ஸ்க்ரூவை இறக்கி, கால் நழுவாத அளவுக்கு வாரையும் இறுக்கிக் கொடுத்திருந்தார்.

இதிலோ ஸ்க்ரூவெல்லாம் வெளிப்பக்கக் கடைசி ஓட்டையில் இருந்தன. வாரை முடிந்தமட்டும் தளர்த்தி விட்டிருந்தார்கள். தோமஸ் தன் காலையே உள்ளே விட்டுப் பார்த்தார். அப்போதும் இடம் மிச்சமிருந்தது.

"நான் கை வச்சது எனக்குத் தெரியாதா, சுகு? இது ஆம்பளைக் கால் லா. நல்ல உயரமான ஆளு."

சுகுமாறன் தலை குனிந்துகொண்டான். பெற்றவர் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தானோ என்னவோ. அவன் நம்பாதது தோமஸுக்கு அழுகையைக் கிளப்பியது. மறுபடி மறுபடி அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். மாதாவே, இந்த ஸ்க்ரூ சொல்வது மட்டும் பொய்யாகிவிடக் கூடாது என்று உள்ளுக்குள் மன்றாடினார்.

திடீரென்று கத்தரின் அலறினார். சாலைப் பக்கமிருந்து ஷர்மைன் வந்துகொண்டிருந்தாள், கையில் இரண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு.

கத்தரின் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டு கதறினார். தோமஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் சொன்னேனா இல்லையா என்று சுகுமாறனின் தோளைப் பிடித்து உலுக்கினார், சிரித்தார், சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

சற்றுப் பொறுத்துத்தான் அவருக்கு அந்தப் பலகையின் ஞாபகம் வந்தது. தான் இவ்வளவு சந்தோஷப்பட்டது அவருக்கே கூச்சமாக இருந்தது.

"பாவம், எவன் பெத்த புள்ளையோ" என்றார் சுகுமாறனிடம்.

ஷர்மைன் அம்மாவின் கையை விலக்கிவிட்டுப் பலகையைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள்.

"இது என் போர்டுதான். காலையில அண்ணன் காலுக்கு நாந்தான் ஸ்டிராப்ப மாத்திக் குடுத்தேன். அவன் எங்க, டேடி?"